மறுவிற்பனையும் வணிகச் சின்ன உரிமையும்

நிறுவனப் பெயர் பொறித்த பொருளை வாங்கியவர், அந்நிறுவனத்தின் அனுமதியின்றி அதை மீண்டும் விற்கலாமா என்பது வணிகச் சின்னச் சட்டத்தின் பழைய கேள்வி. சின்ன உரிமையாளரின் கட்டுப்பாடு முதல் விற்பனையோடு முடிகிறது என்னும் கோட்பாடு ‘உரிமை தீர்தல்’ எனப்படும்.

ஒசூர் எல்லையில்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஒசூரில் டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகள் உள்ளன. டைட்டன், டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984-இல் கூட்டாகத் தொடங்கியது. இங்கு உருவாகும் வண்டி பழையதாகி, கர்நாடகத்தில் தொடர்ந்து ஓட வேண்டுமானால் தடையின்மைச் சான்றும் பதிவு மாற்றமும் தேவை. சின்னத்துக்கு அந்த எல்லை இல்லை. அதன் பதிவு இந்தியா முழுமைக்கும் ஒன்றே.

சட்டத்தின் வளர்ச்சி

இந்தியாவில் 1940, 1958 ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின் வந்த 1999-ஆம் ஆண்டுச் சட்டம், 2003 செப்டம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளரே சந்தைக்கு அனுப்பிய பொருளை முறைப்படி வாங்கி விற்பது மீறல் ஆகாது என்கிறது பிரிவு 30(3). பொருளின் நிலை மாற்றப்பட்டாலோ கெடுக்கப்பட்டாலோ உரிமையாளர் எதிர்க்கலாம் என்கிறது பிரிவு 30(4).

‘சந்தை’ என்றால் எந்தச் சந்தை? வெளிநாட்டில் வாங்கிய சாம்சங் அச்சுப்பொறிகளை இந்தியாவில் விற்ற கபில் வாத்வா வழக்கில் இக்கேள்வி எழுந்தது. தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2012 பிப்ரவரியில் உள்நாட்டுச் சந்தை மட்டுமே என்றார். அதே ஆண்டு அக்டோபர் 3-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, உலகச் சந்தையும் அடங்கும் என்றது. ஆனால் இறக்குமதிப் பொருள் என்பதையும், சாம்சங்கின் உத்தரவாதம் இல்லை என்பதையும் கடையில் தெளிவாக எழுதி வைக்கப் பணித்தது.

புதுப்பித்த பொருள்கள்

பழுதுபார்த்த ஸ்பார்க் பிளக்குகளில் ‘சாம்பியன்’ என்ற பெயர் நீடிக்கலாம். பழுதுபார்த்தவை என்பது தெளிவாகத் தெரிய வேண்டும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947-இல் தீர்ப்பளித்தது. புதுப்பித்த சீகேட் வன்தட்டுகள் குறித்து தில்லி உயர் நீதிமன்றம் 2024-இல் ஏறத்தாழ இவ்வழியே சென்றது.

போலிச் சரக்கு வேறு: உரிமையாளர் செய்யாத பொருளில் அவர் பெயரை ஒட்டுவது, பிரிவு 103-இன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரியது. பழைய உதிரிபாகத்தைத் துடைத்து, புதிய பெட்டியில் அடைத்து, புதியது என்று விற்பவரையும் பிரிவு 30(3) காக்காது. பழையதைப் பழையது என்றே சொல்லி விற்கும் சிறு வணிகருக்குத்தான் அது அரண்.