அதிதியும் இல்லமும்: லடாக் கிராமங்களில் சுற்றுலாவும் அன்றாட வாழ்வும்

கிராமச் சுற்றுலாவைப் பற்றி எழுதுவோரில் பெரும்பாலோர், வந்துபோன பிரயாணிகளின் தொகையையும் அவர்களால் ஊருக்குக் கிடைத்த வருமானத்தையும் கொண்டே அதன் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்க்கிறார்கள். இவ்விரண்டும் வேண்டிய கணக்குகளே. ஆயினும் ஒரு குடும்பம் தன் வீட்டின் ஓர் அறையை அந்நியருக்குத் திறந்துவிடும்போது, அதனோடு தன் விடியற்பொழுதையும், அடுப்பங்கரையையும், உறக்கத்தையும், முகமலர்ச்சியையும் சேர்த்தே கொடுக்கிறது என்பதை இக்கணக்குகள் காட்டமாட்டா. உபசரிக்கும் குடும்பத்தின் பொழுது யாருடைய ஆணைக்கு உட்பட்டிருக்கிறது என்பதே கிராமச் சுற்றுலாவை மதிப்பிடுவதற்குரிய முதன்மையான அளவுகோல் என்பதும், அந்த ஆணை ஊராரின் கையில் இருக்கும்வரையில் அதிதியின் வருகை வாழ்வை வளப்படுத்தும், கைமாறிய அளவில் அது சுமையாகிவிடும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இதனை நிறுவுதற்கு லடாக்கின் மலைக் கிராமங்களைச் சான்றாகக் கொள்கிறேன்.

1. களம்

லடாக் 1974ஆம் ஆண்டில்தான் வெளியுலகப் பிரயாணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. தலைநகராகிய லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 100 மில்லிமீட்டர் அளவே ஆகும். பனி உருகி வரும் நீரை வாய்க்கால்களில் திருப்பி, கோடையின் சில மாதங்களுக்குள் வாற்கோதுமையை விதைத்து அறுத்துவிட வேண்டிய இத்தேசத்தில், எந்தக் குடும்பமும் தனித்து நின்று ஜீவிக்க இயலாது. எந்த வயலுக்கு எப்போது நீர் பாய வேண்டும் என்பதை ஊரார் நியமித்த 'சுர்பொன்' என்னும் நீர்ப் பொறுப்பாளர் பார்த்துக்கொள்கிறார்; ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் வேலையை வீடுகள் முறை வைத்துக்கொண்டு செய்கின்றன; அறுவடைக்கு அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறார்கள். நீருக்கும் மேய்ச்சலுக்கும் உழைப்புக்கும் முறை வகுத்துக்கொண்ட இந்தச் சம்பிரதாயம், பின்னே கூறப்போகும் வாதத்துக்கு அடிப்படையாகும்.

1975ஆம் ஆண்டில் லடாக்குக்கு வந்து பல்லாண்டுகள் அம்மக்களோடு பழகிய ஹெலெனா நார்பெர்க்-ஹாட்ஜ், 1991இல் வெளியிட்ட தம் நூலில், உழைப்பதாகவே தோன்றாமல் பணத்தை வாரி இறைத்த பிரயாணிகளைக் கண்ட இளைஞர்கள் தங்கள் வாழ்வைத் தாழ்வாக எண்ணத் தலைப்பட்டார்கள் என்று வருந்தியிருக்கிறார். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் அவர் கண்ட காலத்துப் பிரயாணி பெரும்பாலும் கிராமத்தைக் கடந்து சென்றவனேயன்றி அதில் தங்கியவன் அல்லன். மலையேற்றக் குழுக்கள் தங்கள் கூடாரத்தையும் உணவையும் லேயிலிருந்தே சுமந்துவந்து, ஊராரின் மேய்ச்சல் நிலத்தில் இரவைக் கழித்துவிட்டுப் போயின. வருவாயில் பெரும்பங்கு நகரத்து நிறுவனங்களுக்கே சென்றது. வீட்டுக்குள் அதிதி வந்த பின்னர் நிகழ்ந்தவற்றைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

2. முறை என்னும் ஏற்பாடு

1981இல் அமைக்கப்பட்ட ஹெமிஸ் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் ரும்பக் என்னும் சிற்றூர் இருக்கிறது. பனிச்சிறுத்தை ஆட்டுப்பட்டிக்குள் புகுந்துவிட்டால் ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடுமாதலின், குடும்பத்தின் முதலையே இழந்த மேய்ப்பர்கள் அம்மிருகத்தின்மேல் பழிதீர்க்க நினைத்ததில் வியப்பில்லை. இப்பகைமையைத் தணிக்கும் வழிகளில் ஒன்றாக, பனிச்சிறுத்தைப் பாதுகாப்புக்கென அமைந்த ஸ்நோ லெப்பர்ட் கன்சர்வன்ஸி என்னும் ஸ்தாபனம் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ரும்பக் போன்ற ஊர்களில் ஹோம்ஸ்டே ஏற்பாட்டைத் தொடங்கிற்று. பிரயாணி வீட்டாரோடு தங்கி, வீட்டார் உண்பதை உண்டு, வயலுக்கு எருவாகும் உலர் கழிப்பறையையே பயன்படுத்துகிறான். ஊர் முழுவதும் கட்டணம் ஒன்றே. விருந்தினர் முறைப்படி வீடு வீடாக அனுப்பப்படுவர். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுநிதிக்குச் சேரும்.

இந்நியதிகளை வெளியிலிருந்து வந்த ஒரு ஸ்தாபனத்தின் சாமர்த்தியமாக மாத்திரம் கருதுதல் பிழையாகும். நீரை முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்ட சமூகம், விருந்தினரையும் அவ்வாறே பங்கிட்டுக்கொண்டது. அதிதியின் வருகை இன்னும் ஒரு வாய்க்காலைப் போல ஊரின் பழைய ஒழுங்குக்குள் திருப்பிவிடப்பட்டது. புதிய காரியம் பழைய நியாயத்துக்குக் கட்டுப்பட்டமையால்தான் அது வேரூன்றியது என்பது என் அபிப்பிராயம்.

3. அடுப்பங்கரையும் பொழுதும்

சுற்றுலாப் பிரதேசங்களில் காட்டப்படும் வாழ்வு, பிரயாணிக்கென ஒப்பனை செய்யப்பட்ட மேடையே என்று சமூகவியலாளர் டீன் மெக்கனெல் 1973இல் வாதித்தார். முகப்பில் நிகழ்வதைக் கண்டு நிறைவுறாத பிரயாணி உள்ளரங்கத்தைத் தேடிப் போகிறான் என்பதும், அவனுக்கென்றே ஒரு போலி உள்ளரங்கம் அமைக்கப்படுகிறது என்பதும் அவர் கொள்கை. லடாக்கின் இல்லத்துக்கு இக்கொள்கை முற்றும் பொருந்தாது. அங்கே அடுப்பங்கரை வீட்டின் மறைவிடம் அன்று. துலக்கிய செம்பும் பித்தளையும் அடுக்குகளில் வரிசையாக ஒளிர, வேலைப்பாடமைந்த அடுப்பு நடுவே விளங்க, குடும்பம் தன் கௌரவத்தை ஊராருக்குக் காட்டும் சபையே அது. ஆகவே, அங்கே அந்நியனை உட்காரவைப்பதற்குப் புதிய ஒப்பனை எதுவும் வேண்டியதில்லை.

எனினும் அந்தச் சபையின் மரியாதைகள் மாறுகின்றன. வயதும் தகுதியும் நோக்கி அமரும் வரிசை அங்கே உண்டு; அளிக்கப்படும் தேநீரையும் உணவையும் பலமுறை மறுத்து, வீட்டார் வற்புறுத்திய பின்னரே ஏற்பது அங்கே பண்பு. கட்டணம் செலுத்திய பிரயாணி கிடைத்த இடத்தில் அமர்கிறான். ஒரே சொல்லில் ஏற்கிறான் அல்லது மறுக்கிறான். அதிதியும் இல்லத்தாளும் சேர்ந்து நடத்திய நீண்ட உபசாரம் இதனால் சுருங்கிவிடுகிறது. இதைப் பேரிழப்பென்று நான் கூறவில்லை. ஆனால் அந்த மரியாதையின் இரு பாதிகளையும் இனி இல்லத்தாள் ஒருத்தியே தாங்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதனினும் பெரியது பொழுதின் நெருக்கடி. பிரயாணிகள் மிகுதியாக வரும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலமே நீர் பாய்ச்சலும், களையெடுப்பும், அறுவடையும் நிகழும் காலமாகும். பிள்ளைகள் கல்விக்காக லேக்கும் அப்பாலும் சென்றுவிட, ஆடவர் ராணுவ வேலையிலோ மட்டக்குதிரைகளோடு மலைப்பாதையிலோ இருக்க, வீட்டில் எஞ்சியிருக்கும் பெண்களும் முதியோருமே வயலையும் விருந்தையும் ஒருங்கே பார்க்க வேண்டியவர்களாகிறார்கள். மாலையில் வாய்க்காலிலிருந்து திரும்பும் பெண்ணுக்கு இளைப்பாறும் நேரமே சமைத்துப் பரிமாறும் நேரமாகிவிடுகிறது. நூற்பும் நெசவும் உறவாடலும் நிறைந்திருந்த பனிக்காலத்திலும் இப்போது பனிச்சிறுத்தையைக் காண விழைவோர் ரும்பக், உலே முதலிய ஊர்களுக்கு வருகிறார்கள். ஓய்வின் பருவமும் சந்தைக்கு வந்துவிட்டது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1983இல், விமானப் பணிப்பெண்களின் புன்முறுவலும் உழைப்பே என்று தெளிவுபடுத்தினார். அப்பணிப்பெண்ணுக்கு வேலை முடிந்தபின் திரும்பிச் செல்ல ஓர் இல்லம் உண்டு. தன் இல்லமே பணியிடமான மலைக்கிராமத்துப் பெண்ணோ புன்முறுவலைக் கழற்றி வைக்க வேறோர் இடத்தைத் தேட வேண்டியவளாகிறாள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ரொக்கப் பணம் பெரிதும் ஆடவர் கைவழியே வீட்டுக்கு வந்த நிலை மாறி, வீட்டைப் பேணும் திறமைக்கே விலை கிடைக்கலாயிற்று. மலைப்பாதையோரங்களில் ராணுவத்தின் பழைய பாராசூட் துணியை விரித்துப் பெண்கள் நடத்தும் தேநீர்க் கடைகளும் அவ்வாறே அவர்களுக்குச் சொந்த வருவாயைத் தருகின்றன. தன் உணவையும் தன் வீட்டையும் நாடி உலகத்தின் கோடியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்னும் உணர்வு, நார்பெர்க்-ஹாட்ஜ் வருந்திய தாழ்வு மனப்பான்மைக்கு ஒரு மாற்று மருந்தாகவும் கூடும்.

4. முறை குலையுமிடம்

இந்நன்மைகள் யாவும் முறை என்னும் ஏற்பாட்டைச் சார்ந்தே நிற்கின்றன. வழிகாட்டிகள் தமக்கு வேண்டிய வீட்டுக்கே விருந்தினரை அழைத்துச் செல்வதும், இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டவர் நேரே ஒரு வீட்டை நாடி வருவதும், முறையை உள்ளிருந்தே அரிக்கவல்லவை. 2009இல் வெளிவந்த 'த்ரீ இடியட்ஸ்' திரைப்படத்தின் இறுதிக் காட்சியால் புகழெய்திய பாங்கொங் ஏரிக்கரையில் கூடாரங்களும் விடுதிகளும் மலிந்திருத்தலைக் கண்டோர், கூட்டத்தின் வேகம் ஊரின் நிதானத்தை எவ்வளவு எளிதில் மீறிவிடும் என்பதை உணர்வர். முறை குலைந்தால் அண்டை வீட்டார் போட்டியாளர் ஆகிறார். அறுவடைக்கு ஒருவரையொருவர் நம்பியிருக்கும் ஊரில் அப்போட்டி வருமானத்தோடு நிற்பதில்லை, வயல்வரை செல்கிறது.

எல்லா வீட்டுக்கும் ஒரே கட்டணமும் முறையும் வைத்தால், நன்றாக உபசரிப்பவருக்கு ஊக்கம் குன்றிவிடும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். விடுதிக்கு அது பொருந்தும். இல்லத்தில் உபசாரத்தின் தரத்தைக் காப்பது போட்டி அன்று. ஊர்முன் தன் வீட்டின் பெயரைக் காத்துக்கொள்ளும் மானமே ஆகும். அதிதியின் சுதந்திரம் குறைகிறதே என்பாரும் உண்டு. வேறொருவர் வீட்டில் தங்கும்போது அவ்வீட்டாரின் நியதிக்கு உட்படுதல் எந்த நாகரிகத்திலும் குறைவாகக் கருதப்பட்டதில்லை.

ஆகவே கிராமச் சுற்றுலாவை வளர்க்க முனையும் அரசுகளும் ஸ்தாபனங்களும், எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பதற்கு முன், எத்தனை பேரை ஏற்பது என்று தீர்மானிக்கும் உரிமை அக்கிராமத்துக்கு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அறுவடை வாரங்களில் கதவை அடைத்துக்கொள்ளவும், கட்டணத்தைத் தாமே நிர்ணயிக்கவும், முறையை மீறும் முகவரை மறுக்கவும் ஊர்ச்சபைக்கு அதிகாரம் வேண்டும்; அச்சபையில், உபசாரத்தின் பாரத்தைச் சுமக்கும் பெண்களுக்கு முதன்மையான குரல் வேண்டும். வேண்டாம் என்று சொல்லக்கூடிய இல்லத்தாரின் வரவேற்பே உண்மையான வரவேற்பாகும். அவ்வுரிமையைப் பறித்துவிட்டு அடையும் வருமானம் எத்துணைப் பெரிதாயினும் அதை வளர்ச்சி என்று அழைப்பதற்கு இடமில்லை.