மூணு குச்சி இருந்தால் முக்கோணம் வந்துவிடுமா? துடைப்பக் குச்சியில் ஒரு கணக்குப் பாடம்

முக்கோணம் செய்ய என்ன வேண்டும் என்று கேட்டால், "மூணு குச்சி" என்று எந்தக் குழந்தையும் சட்டென்று சொல்லிவிடும். ஆனால் கையில் கிடைத்த எந்த மூன்று குச்சியிலும் முக்கோணம் வந்துவிடாது. எப்போது வரும், எப்போது வராது என்பதை தமிழ்நாடு பாடத்திட்டத்தில் 6-ம் வகுப்பிலும், சிபிஎஸ்இ-யில் 7-ம் வகுப்பிலும் பிள்ளைகள் படிக்கிறார்கள். புத்தகத்தில் இதற்கு முக்கோணச் சமனின்மைப் பண்பு என்று பெயர். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். வீட்டில் தென்னந்துடைப்பம் இருந்தால் போதும், அரை மணி நேரத்தில் விஷயம் புரிந்துவிடும்.

எப்படிச் செய்வது?

துடைப்பத்திலிருந்து ஓரளவு நேரான ஈர்க்குச்சிகளை உருவி, ஒவ்வொன்றையும் 12 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு குச்சியை மூன்று துண்டாக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் முழு சென்டிமீட்டரில் இருக்கணும், அரை, கால் எல்லாம் கூடாது. கையால் ஒடித்தால் நார் நிற்கும், கத்தரிக்கோல் நல்லது. பிறகு மூன்றையும் முனையோடு முனை சேர்த்து முக்கோணம் ஆகிறதா என்று பார்க்க வேண்டும்.

12-ஐ இப்படி மூன்றாகப் பிரிக்க மொத்தம் 12 வழிதான் இருக்கிறது. 1-1-10-ல் ஆரம்பித்து அத்தனையையும் பிள்ளைகளே எழுதிப் பார்க்கட்டும், நாம் சொல்லிவிட வேண்டாம். அதில் முக்கோணம் ஆவது மூன்றே மூன்று: 4-4-4, 3-4-5, 2-5-5. ஆறில் குச்சிகள் எட்டவே எட்டாது. உதாரணத்துக்கு 2-3-7. தரையில் 7-ஐ வைத்து, அதன் இரண்டு முனையிலிருந்தும் 2-ஐயும் 3-ஐயும் உள்பக்கமாகச் சாய்த்தால், முழுசாகப் படுக்க வைத்த பிறகும் நடுவில் 2 செ.மீ. காலியாகவே கிடக்கும்.

மீதி மூன்று: 1-5-6, 2-4-6, 3-3-6. வகுப்பில் சண்டை வருவது இங்கேதான்.

கண் ஏமாறுவது ஏன்?

3-3-6-ஐ வைத்துக்கொண்டு "சார், வருது சார்!" என்று ஒரு குரல் கேட்கும். போய்ப் பார்த்தால், தட்டையாக ஒரு முக்கோணம் உண்மையிலேயே இருக்கும். "அதெல்லாம் வராது, விதியைப் பாரு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், அந்தப் பிள்ளை எதை நம்பும்? கண்ணால் பார்த்ததையா, கரும்பலகையையா? பரீட்சையில் "3, 3, 6 முக்கோணம் ஆகுமா?" என்று கேட்டால் "ஆகும்" என்று எழுதிவிட்டு வரவும் வாய்ப்பு உண்டு.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. வெட்டும்போது 6 செ.மீ. குச்சி வெறும் 1 மி.மீ. குறைந்து 5.9 ஆகிவிட்டது என்று வையுங்கள். அதில் பாதி 2.95. பிதாகரஸ் கணக்குப் போட்டால் முக்கோணத்தின் உயரம் 5 மி.மீ.-க்கும் கொஞ்சம் அதிகமாக வருகிறது! தப்பு ஒரு மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரிவது ஐந்து. ஈர்க்குச்சியின் தடிமனே ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும் என்பதால், எவ்வளவு கவனமாக வெட்டினாலும் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும்.

இதைத் தீர்க்க கவராயம் எடுக்க வேண்டும். 6 செ.மீ. கோடு போட்டு, இரண்டு முனையிலிருந்தும் 3 செ.மீ. வில் வரையுங்கள். இரண்டும் கோட்டின் மேலேயே, சரியாக நடுவில் தொட்டுக்கொள்ளும். மேலே எழும்பாது, அதனால் முக்கோணம் இல்லை. 3-4-5-க்கு வரைந்தால் வில்கள் கோட்டுக்கு மேலே வெட்டிக்கொள்ளும். 2-3-7-க்கு சந்திக்கவே சந்திக்காது.

அப்போ விதி என்ன?

எந்த இரண்டு பக்கத்தைக் கூட்டினாலும் மூன்றாவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். சமமாக இருந்தாலும் ஆகாது. பிள்ளைகள் சறுக்கும் இன்னொரு இடம், ஒரே ஒரு ஜோடியைக் கூட்டிவிட்டு நிறுத்துவது. 2-3-7-ல் 2+7=9, அது 3-ஐவிட அதிகம்தானே என்று "ஆகும்" போட்டுவிடுவார்கள். சின்ன பக்கங்கள் இரண்டையும் கூட்டி, பெரியதோடு ஒப்பிட்டால் போதும். மற்ற இரண்டும் தானாகவே சரியாக வந்துவிடும்.

கிறிஸ்துவுக்கு முன் சுமார் 300-ல் யூக்ளிட் எழுதிய 'எலிமென்ட்ஸ்' முதல் புத்தகத்தின் 20-வது தேற்றம் இதுதான். நேர் வழியைவிட சுற்று வழி நீளம் என்பது கழுதைக்குக்கூடத் தெரியுமே, இதற்கு நிரூபணம் வேறயா என்று எபிகூரியர்கள் கிண்டல் செய்ததாக 5-ம் நூற்றாண்டு அறிஞர் புரோக்ளஸ் பதிவு செய்திருக்கிறார். பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு, ஏன் அப்படி என்று அறிவது வேறு என்பது அவர் தந்த பதில். 3-3-6 குச்சியைப் பார்த்த பிறகு புரோக்ளஸ் பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது.

குச்சி வெட்டி அலுத்துவிட்டால் லூடோ பகடை மூன்றை உருட்டலாம். விழும் எண்கள்தான் பக்கங்கள். மொத்தம் 216 விதமாக விழலாம், அதில் 111-ல் முக்கோணம் உண்டு, 105-ல் இல்லை. அந்த 105-ல் 45 தடவை வருவது 3-3-6 மாதிரியான தட்டைக் கோடு. 1-1-2 விழும்போது "ஆகும், ஆகாது" என்று சத்தம் வந்தால் கவராயத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள்.