கணக்கும் கணினியும்: கொங்கு நாட்டில் ஒரு படிப்பின் வரலாறு

கோவையில் கணினிப் படிப்பு முதலில் வேர்விட்டது பொறியியல் கல்லூரிகளில்தான். ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் 1945இல் தொடங்கிய இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956இல் கோயம்புத்தூர் தொழில்நுட்ப நிறுவனம் (சி.ஐ.டி.) என மூன்று கல்லூரிகள் அடுத்தடுத்து எழுந்தன. பஞ்சாலைகளுக்கும் மோட்டார், பம்புசெட் பட்டறைகளுக்கும் தேர்ந்த ஆட்கள் தேவைப்பட்ட காலம் அது. பி.எஸ்.ஜி.யின் முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன், ‘கலைக்கதிர்’ இதழின் மூலம் அறிவியலைத் தமிழிலேயே எழுத வைத்தவர். புதிய துறைகளுக்கு இந்த ஊர் கதவைத் திறந்து வைத்திருந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1963இல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 கணினி வந்தது. ஆனால் கணினி அறிவியல் தனிப் படிப்பாகக் கோவைக்கு வந்தது 1970களின் பிற்பகுதியில். அன்றைய மாணவர் நிரலைத் தாளில் எழுதி, அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு, விடைக்குக் காத்திருந்தார். ஒரு துளை பிசகினாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் பிறந்தது. 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தமிழக அரசு வழிவிட்டது. கோவை குமரகுரு கல்லூரியும் பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரியும் அந்த ஆண்டில் தோன்றியவை. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசின் புதிய கணினிக் கொள்கையும் வெளியானது.

ஆனால் இந்த மண்ணுக்கே உரிய வளர்ச்சி கலை அறிவியல் கல்லூரிகளில் நிகழ்ந்தது. பி.சி.ஏ., பி.எஸ்ஸி. ஆகியவற்றோடு வணிகவியலையும் கணினியையும் பிணைத்த பி.காம். சி.ஏ. இங்கே பெருவழக்கானது. இதன் காரணத்தைத் திருப்பூரில் பார்க்கலாம். ஒரு ஏற்றுமதி ஆர்டர் ஒரே கூரையின் கீழ் முடிவதில்லை. நூல் ஓரிடத்தில் வாங்கப்படும். நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல் எல்லாம் வெவ்வேறு ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் நடக்கும். எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ திரும்பியது, கழிவு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒவ்வொரு கட்டத்திலும் பதிவு வேண்டும். கப்பல் தேதி தவறினால் லாபமே போய்விடும். பேரேட்டை மட்டும் அறிந்தவரால் இதைச் சமாளிக்க முடியவில்லை. நிரல் மட்டும் தெரிந்தவருக்குச் சரக்கின் போக்கு புரியவில்லை. செலவுக் கணக்கியல், வருமான வரி ஆகியவற்றோடு தரவுத்தளமும் டாலி கணக்கு மென்பொருளும் படித்த பட்டதாரி இரண்டையும் இணைத்தார். தகவல் அமைப்பு என்று பாடநூல் சொல்வதன் முழுப் பொருளும் இந்த வேலையில் அடங்கியிருக்கிறது. பொறியியலின் நிழலில் இந்தப் படிப்புக்கு உரிய மதிப்பு கிடைக்காதது பெரும் குறையே.

பொள்ளாச்சி, கோபி, ஈரோடு போன்ற ஊர்களிலேயே இந்தப் படிப்பு கிடைத்ததால், வெளியூர் விடுதிக்கு அனுப்பப்படாத பெண்களுக்கும் கணினி எட்டியது.

2001இல் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் சென்றாலும், கலை அறிவியல் கல்லூரிகளின் கணினிப் படிப்புகள் பாரதியார் பல்கலைக்கழகத்திடமே இருந்தன. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழுக்கு யூனிகோடும் டேஸ்16 குறியீடும் அரசு ஏற்பைப் பெற்றன. கோவை டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் அந்த ஆண்டில்தான் வந்தது.

எம்.சி.ஏ. 2020இல் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகச் சுருங்கியது. பி.சி.ஏ.வையும் பி.பி.ஏ.வையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) 2024–25 கல்வியாண்டு முதல் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. பி.காம். சி.ஏ. அதில் சேராமல் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலேயே தொடர்கிறது.