ரவுண்ட் கட்டரும் நெல் வயலும்: எத்தனை வெட்டினா போதும்?

பனியன் கம்பெனியில சேர்ந்த புதுசு. துணிக்கு ஜி.எஸ்.எம். பார்க்கச் சொன்னாங்க. ரவுண்ட் கட்டரை வெச்சு அழுத்தித் திருகினா 100 சதுர சென்டிமீட்டர்ல ஒரு வட்டம் வரும். அதோட கிராமை நூறால பெருக்கினா ஒரு சதுர மீட்டர் துணியோட எடை. நான் ஒரு ரோலோட ஒரே முனையில அஞ்சு வட்டம் வெட்டிட்டு, அஞ்சும் 180தான்னு பெருமையா எழுதிக் குடுத்தேன். கட்டிங் மாஸ்டர் சிரிச்சார். "ஏங்கண்ணு, ஒரே எடத்துல அஞ்சு வெட்டுனா என்ன, அம்பது வெட்டுனா என்ன?"

இதே கேள்வியோட நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி நெல் வயல்ல இறங்கியிருக்கார்னு பின்னாடி படிச்சப்ப ஆச்சரியமா இருந்துச்சு. பேரு ஹப்பக். 1936-ல ஒரிசாவோட முதல் கவர்னர் ஆனவர். அதுவரைக்கும் விளைச்சல்ங்கறது கண் மதிப்புதான். பன்னெண்டு அணா விளைச்சல், பதினாறு அணா விளைச்சல்னு ஒரு குத்துமதிப்பு. ஹப்பக் 1923-ல பீகார்-ஒரிசா மாகாணத்துல ஆரம்பிச்சு, எங்க வெட்டுறதுங்கறதை ஆளோட இஷ்டத்துக்கு விடாம, அங்கங்க சின்னச் சின்னத் துண்டா வெட்டி எடை போட்டார். துண்டோட அளவு ஏக்கர்ல 3200-ல ஒரு பங்கு. வடக்கத்தி மணங்குக்கு 3200 தோலா. அப்ப துண்டுல எத்தனை தோலா நெல்லோ, ஏக்கருக்கு அத்தனை மணங்கு! நம்ம ரவுண்ட் கட்டர் கணக்கேதான்.

அடுத்து வந்தவர் மகலனோபிஸ். 1937-ல வங்காளத்துல சணல் கணக்கெடுப்பை ஆரம்பிச்சார். முதல்ல சின்னதா ஒரு சோதனை, அதுல தெரியற ஏற்ற இறக்கத்தை வெச்சு அடுத்த வருஷம் எத்தனை மாதிரின்னு முடிவு. விளைச்சலுக்கு அவர் வெட்டினது சின்ன வட்டம். அங்கதான் சுகாத்மேவோட தகராறு. சின்ன வட்டம் விளைச்சலைக் கூட்டிக் காட்டுதுன்னு 1940-கள்ல மொராதாபாத் கோதுமை வயல்கள்ல வெட்டிக் காட்டினார் சுகாத்மே. காரணம் ஓரம். 60 சென்டிமீட்டர் ஆர வட்டத்துல ஒரு சதுர மீட்டருக்கு 3.3 மீட்டர் ஓரம். 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரத்துல 0.8 மீட்டர்தான். ஓரத்துல நிக்கற பயிரை உள்ள சேர்த்துக்கத்தான் கை போகும். இந்தத் தப்பு, ஆயிரம் வட்டம் வெட்டினாலும் போகாது. இன்னிக்கு நெல்லுக்கு அஞ்சுக்கு அஞ்சு மீட்டர் வெட்டுறது அதனாலதான்.

சரி, எத்தனை போதும்? எதை அளக்கறோம்ங்கறதைப் பொறுத்தது. பருத்திச் செடியையே எடுத்துக்குங்க. உயரம் செடிக்குச் செடி 10 சதவீதம் மாறுதுன்னு வெச்சா, சராசரி பத்து சதவீதப் பிழைக்குள்ள வர நாலு செடி போதும் (ரெண்டு மடங்கு 10, வகுத்தல் 10, அதோட வர்க்கம்). காய் எண்ணிக்கை 40 சதவீதம் மாறினா? 64 செடி வேணும். ஆனா நம்ம ஆய்வுகள்ல உயரத்துக்கும் அஞ்சு செடி, காய்க்கும் அதே அஞ்சு செடிங்கறது வழக்கமாப் போச்சு. அஞ்சு செடியில காய் எண்ணினா பிழை 35 சதவீதத்துக்கும் மேல. பிழையைப் பாதியாக்க மாதிரியை நாலு மடங்காக்கணும், குறுக்குவழி இல்லை.

இதெல்லாம் ஏட்டுக் கணக்குன்னு நினைச்சிட்டிருந்தேன், உடுமலைப் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கற மாமாகிட்டப் பேசற வரைக்கும். 2016-ல வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்ட விதிப்படி, முக்கியப் பயிருக்கு ஒரு ஊராட்சியில குறைஞ்சது நாலு இடத்துல அறுவடை செஞ்சு பார்க்கணும். அந்தச் சராசரிதான் ஊருக்கே. காட்டுக்குக் காடு 30 சதவீதம் மாறினா, நாலு வெட்டுல பிழையும் 30 சதவீதம். "கெணறு இருக்கறவன் காட்டுல ரெண்டு சீட்டு விழுந்துச்சுன்னா, காஞ்சு போன என்ற காட்டுக்கு ஒண்ணும் வராது மாப்ள"ன்னார். இருபத்தஞ்சு வருஷம் காட்டைப் பார்த்தவர் சொல்றது வர்க்கமூலத்தோட சரியாப் பொருந்துது.

மாஸ்டர் சொன்னது பாதி, மாமா சொன்னது மீதி. எங்க வெட்டறோம்ங்கறதும் முக்கியம், எத்தனைங்கறதும் முக்கியம். துணி தப்பாப் போனா ஒரு ரோல் போகும். பயிர்ல தப்பினா ஒரு குடும்பத்தோட வருஷம் போகும்.

உங்க ஊர்ல அறுவடைச் சோதனை நடந்ததைப் பார்த்தவங்க இருந்தா, எத்தனை இடம், யார் தேர்ந்தெடுத்தாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.