36.4

மே மாதத்து மத்தியானம், திண்டிவனம். விழுப்புரத்திலிருந்து காரை ஓட்டி வந்த நண்பன் டிக்கியைத் திறந்து காட்டினான். உள்ளே நைட்ரஸ் பாட்டில். மறுநாள் காலை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டப்போகிறான்.

"கேஜ்ல பிரஷர் சூப்பரா நிக்குது மச்சான். பைபாஸ்ல ஒரு இழு இழுத்துப் பாத்துடலாமா?"

வேண்டாம் என்றேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மட்டும் அதற்குக் காரணமில்லை. இந்த வாயுவின் கதையைக் கொஞ்சம் படித்திருந்தேன்.

1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டுபிடித்தது. 1799இல் பிரிஸ்டலில் ஹம்ஃப்ரி டேவி அதைத் தானே முகர்ந்து முகர்ந்து சோதித்து, மறு வருடம் தடிமனாகப் புத்தகம் போட்டார். வலியைக் குறைக்கும், அறுவை சிகிச்சைக்கு உதவலாம் என்று அதில் எழுதியும், 1844இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் வரும்வரை யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்று நம் ஆஸ்பத்திரிகளில் நீல சிலிண்டரில் நிற்பது அதே வாயுதான்.

என்ஜினுக்குள் அது போனது இரண்டாம் உலகப் போரில். காற்று மெலிந்த உயரத்தில் மூச்சுத் திணறும் விமான என்ஜின்களுக்கு ஜெர்மானியர்கள் ஜிஎம்-1 என்ற பெயரில் இதைச் செலுத்தினார்கள். காற்றில் எடைக்கு 23 சதவீதம் ஆக்சிஜன், இதில் 36.4. முதலில் அழுத்தக் கலன்களில் ஏற்றினார்கள், பிறகு மைனஸ் 88 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாகவே கொண்டுபோனார்கள். அதே போர்க்காலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் இங்கே உளுந்தூர்பேட்டையிலும் சோழவரத்திலும் ஓடுதளம் போட்டார்கள். போருக்குப் பிறகு சோழவரத்தில் கார்கள் பறக்க ஆரம்பித்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டை வரும்வரை சென்னையின் பந்தயத் தடம் அதுதான். வாயுவும் சரி, தடமும் சரி, விமானம் விட்டுப்போன சொத்து.

எண்ணில் ஒரு வேடிக்கை. நைட்ரஸ் திரவமாக இருக்கக்கூடிய உச்ச வெப்பமும் 36.4 டிகிரிதான். அதற்குக் கீழே அது வீட்டு கேஸ் சிலிண்டர் மாதிரி. அடியில் ஒரு டம்ளர் திரவம் இருந்தாலும் கேஜ் அதே அழுத்தத்தைத்தான் காட்டும், அதனால்தானே அம்மாக்கள் ஈரத்துணியால் துடைத்து மட்டம் பார்க்கிறார்கள். 36.4ஐத் தாண்டிவிட்டால் மட்டம் என்பதே கிடையாது, திரவம், ஆவி என்ற பிரிவு அழிந்துவிடும். நிறைந்த பாட்டிலாக இருந்தால் அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். குளிர் நாட்டுக்காரன் பாட்டிலுக்கு ஹீட்டர் வாங்குகிறான். விழுப்புரம் மாவட்டத்து மே மாதத்தில், மூடிய டிக்கிக்குள், ஹீட்டர் இலவசம்.

2007 ஜூலை 26, கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனம். விண்வெளி விமானம் ஒன்றுக்காக ஸ்கேல்டு காம்போசிட்ஸ் நிறுவனம் நைட்ரஸைக் குழாய் வழியே பாயவிட்டுச் சோதித்தது. எதையும் பற்றவைக்கவில்லை. வெறும் பாய்ச்சல் சோதனைதான். வெடித்து மூன்று பேர் இறந்தார்கள்.

"சும்மா டெஸ்ட்" என்ற வார்த்தை அதன்பிறகு எனக்குப் பிடிப்பதில்லை. என்ஜின் நின்றிருக்கும்போது பட்டனை அமுக்கி, சொலினாய்டு சத்தம் வருகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. பாட்டில் திறந்திருந்தால் வாயு மேனிஃபோல்டில் தேங்கும். அடுத்த ஸ்டார்ட்டில் அது பிளந்துவிடலாம். வால்வை மூடி, லைனைக் காலிசெய்து, பெட்ரோல் இணைப்பையும் கழற்றிவிட்டுத்தான் ஸ்விட்சைச் சோதிக்க வேண்டும். இணைப்புகளுக்குச் சோப்புத் தண்ணீர். பெட்ரோல் பிரஷர் தனியாக, ஓட்டத்தில். ஆக்சிஜன் கூடிப் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும். கடைசியில்தான், ஆகச் சிறிய ஜெட்டோடு, டைனோவில் ஒரு ஓட்டம்.

நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வால்வை இறுக்கி மூடி, பாட்டிலைக் கழற்றி நிழலுக்குக் கொண்டுபோனோம். பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் எலக்ட்ரானிக் தராசு இருந்தது. "இன்னா தம்பி, இத்த போடப் போறியா?" என்றார் கடைக்காரர். பாட்டிலில் பொறித்திருந்த காலி எடையைக் கழித்துப் பார்த்தோம். நாலரைக் கிலோ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கிலோ.

கேஜ் அப்போதும் சூப்பராகத்தான் நின்றுகொண்டிருந்தது.