நெற்கணக்கில் இல்லாத பெயர்கள்



திருப்பருத்திக்குன்றத்துக்கு வருகிறவர்கள் வர்த்தமானர் கோயிலின் விதானத்து ஓவியங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நாம் ஒரு செப்பேட்டிலிருந்து தொடங்குவோம். பல்லவ மன்னன் சிம்மவர்மன் தனது ஆறாம் ஆட்சியாண்டில், இந்தப் பருத்திக்குன்றத்துச் சமண முனிவர் வஜ்ரநந்திக்கு அமண்சேர்க்கை என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். அதைச் சொல்வது பள்ளன்கோயில் செப்பேடு. கொடுத்தவன், வாங்கியவர், நிலம் என எல்லாம் பதிவாகின்றன. அந்த நிலத்தின் சேற்றில் இறங்கியவர் பெயரைச் சொல்ல இத்தகைய சாசனங்களில் வழக்கமாக இடமிருப்பதில்லை.

இது பல்லவரோடு தொடங்கிய பழக்கமல்ல. யூப்ரடீஸ் ஆற்றங்கரையில், உருக் நகரத்தில், சுமார் 5300 ஆண்டுகளுக்கு முன் எழுத்து பிறந்தபோது அது பாட்டு எழுதப் பிறக்கவில்லை. எவ்வளவு பார்லி வந்தது, வேலையாட்களுக்கு எவ்வளவு அளந்தாயிற்று என்று களஞ்சியக்காரர்கள் களிமண்ணில் கீறிவைத்த கணக்கு அது. அடிமைப் பெண்ணைக் குறிக்க 'பெண்', 'மலை' என்ற இரண்டு குறிகளைச் சேர்த்து எழுதினார்கள். மலைநாட்டிலிருந்து பிடித்துவரப்பட்டவள் என்பது அறிஞர்கள் கொள்ளும் பொருள். நாகரிகத்தின் முதல் ஏடுகளிலேயே அவள் இருக்கிறாள், பெயராக அல்ல, எண்ணிக்கையாக.

வேளாண்மை வந்தாலே அடிமைத்தனம் வந்துதான் தீருமா? திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் தொல்லியல் துறை தோண்டியபோது மெருகேற்றிய கற்கோடரிகளோடு கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. மழையை நம்பி விளையும் மேட்டுநிலப் பயிர்கள் அவை. தண்ணீரைத் தேக்கிப் பூட்டிவைக்கவும், சாவியை ஒருவர் கையில் கொடுக்கவும் அங்கே தேவை குறைவு. நெல்லின் கதை வேறு. பொருநைக் கரையின் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் கி.மு. 1155ஆம் ஆண்டைச் சேர்ந்தது என ஆய்வு சொல்கிறது. நெல்லுக்கு நிற்கும் நீர் வேண்டும்.

பாலாறு நைல் நதி அல்ல. ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். வேகவதியும் செய்யாறும் திருமுக்கூடலில் அதோடு சேர்ந்தும் இதே நிலைதான். ஆகவே இந்தப் படுகையின் நாகரிகம் ஏரியில் நிற்கிறது. கரை, மதகு, கலங்கல். ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் வண்டலை வெட்டிக் கூடையில் சுமந்து கரையேற்ற வேண்டும். அடைமழை இரவில் உடைப்பை மண்போட்டு அடைக்க வேண்டும்.

இனி உத்திரமேரூர். குடவோலைக்காகப் பாடநூல்கள் பெருமைப்படும் அந்த 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியமும் உண்டு. உறுப்பினராக என்ன வேண்டும்? காவேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் படிப்பு. படிப்பு கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி போதும். ஏரியைத் தூர்வாரியவருக்கு ஏரியைப் பற்றிப் பேச உரிமையில்லை! ஜனநாயகத்தின் தொட்டில் என்கிறார்கள். தொட்டிலை ஆட்டியவர் யார் என்றுதான் நாம் கேட்கிறோம். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டு இன்னும் வெளிப்படையானது. ஏரி, வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் வரியில்லா நிலங்களாகக் கழித்துக் காட்டுகிறது.

பல ஊர்களில் மதகைத் திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சிய நீர்கட்டிகள் தலித்துகளே. எந்த மடைக்கு எத்தனை நாழிகை என்பது அவர்கள் மனக்கணக்கு. அந்த அறிவுக்கு ஆங்கிலேயர் தந்த மதிப்பு 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையும் ஆபத்தென்றால் உழைக்கும் வகுப்பாரைச் சட்டப்படி வேலைக்கு இழுக்கலாம்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த ட்ரெமன்ஹீர் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். மிராசு உரிமை என்ற பெயரில் பறையர்களுக்கு உழுநிலம் மறுக்கப்படுவதையும், குடியிருக்கும் மனைகூட அவர்களுடையதாக இல்லாததையும் அதில் எழுதினார். 1892இல் பிறந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கு வெளியே கைமாறக்கூடாது என்பது நிபந்தனை. நிலம் கைமாறியது.

அதே மாவட்டத்தின் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் திரண்டார்கள். அங்கே அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நியாயம் கேட்டுக் கூடியவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தார்கள்.