அவள் சொன்னதை எழுதிக்கொண்டவர்

'நீ யார்? எந்த ஊர்? எப்படிச் செத்தாய்? இவளை ஏன் பிடித்தாய்?' பேயோட்டும் இடத்தில் பூசாரி கேட்கும் கேள்விகள் இவை. அமாவாசைக்கு வானூர்ப் பக்கத்திலிருந்து மேல்மலையனூர் போய்வரும் பெண்களுக்கு இவை பழக்கமானவை. பதில் வந்ததும் பேயை விரட்டிவிடுவார்கள். பதிலை யாரும் எழுதி வைப்பதில்லை. ஏறக்குறைய இதே கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதியும் வைத்த ஒரு பெண் அறிவியலாளர் இருக்கிறார்: சத்வந்த் பஸ்ரிச்சா.

பெங்களூரு நிம்ஹான்ஸில் மருத்துவ உளவியல் துறைத் தலைவராக இருந்தவர் அவர். 1970களில் வெர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சனோடு சேர்ந்து, முற்பிறவி நினைவு இருப்பதாகச் சொல்லும் குழந்தைகளைத் தேடிப் போனார். பாராசைக்காலஜி எனப்படும் அதீத உளவியலில் இது ஒரு கிளை. குழந்தை சொன்னதைக் குறித்துக்கொள்வது, இரு குடும்பங்களையும் தனித்தனியே விசாரிப்பது, அவர்களுக்கு முன்பே பழக்கம் உண்டா என்று துருவுவது: வேலை முறை இதுதான். ஸ்டீவன்சன் வட இந்தியக் கிராமங்களில் மொழிபெயர்ப்பாளர்களை நம்பியே வேலை செய்தவர். அந்த ஊர்களின் பேச்சைக் கேட்டுப் பதிவு செய்தவர்களின் உழைப்பு இல்லாமல் அவருடைய புகழ்பெற்ற நூல்கள் இல்லை. பஸ்ரிச்சாவின் பெயரோ பல கட்டுரைகளில் இரண்டாவதாகவே வருகிறது.

ஆனால் அவர் உதவியாளராகவே நின்றுவிடவில்லை. ஆக்ரா மாவட்டத்து ஃபதேஹாபாத் பகுதியில் டேவிட் பார்க்கரோடு சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பு 1979இல் வெளிவந்தது. ஏறக்குறைய 450 பேருக்கு ஒருவர் வீதம் இத்தகைய நினைவு சொன்னவர்கள் அங்கே இருந்தார்கள். 1990இல் வந்த தமது நூலின் தலைப்பில் அவர் 'மறுபிறவி பற்றிய கூற்றுகள்' என்றுதான் போட்டார், 'சான்றுகள்' என்று போடவில்லை. 2001இல், தென்னிந்தியாவில் இத்தகைய செய்திகள் ஏன் இவ்வளவு குறைவு என்று ஒரு கட்டுரையில் கேட்டார்.

இந்த ஆய்வுகளுக்கு வலுவான மறுப்பு நம் ஊரிலிருந்தே எழுந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் சி.டி.கே. சாரி அதீத உளவியலை நன்கு கற்றவர். மறுபிறவியை நம்பும் சமூகத்தில்தான் மறுபிறவிக் கதைகள் விளைகின்றன என்றார் அவர். தள்ளிவிட முடியாத வாதம் இது. ஆய்வாளர் போய்ச் சேரும் முன்பே இரு குடும்பங்களும் சந்தித்துப் பேசியிருப்பதும் இந்த ஆய்வுகளில் அடிக்கடி காணும் பலவீனம்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டே ஒரு நிகழ்வைப் பார்ப்போம். 1985 மே மாதம், உத்தரப் பிரதேசத்தில் படித்த இளம் மருமகள் ஒருத்தியின் உடல் ரயில் பாதையில் கிடந்தது. தற்கொலை என்றார்கள் புகுந்த வீட்டார். பிறந்த வீட்டாருக்குக் கொலையோ என்று ஐயம். இரண்டு மாதம் கழித்து வேறொரு ஊரில், அருள் வந்து ஆடும் பழக்கமுள்ள இன்னொரு மருமகள் மூச்சடங்கிக் கிடந்து மீண்டும் எழுந்தாள். கணவனையும் குழந்தையையும் அடையாளம் தெரியவில்லை என்றாள். இறந்துபோன அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, 'நான் அவள்தான், என்னைக் கொன்றார்கள்' என்றாள். அதிகம் படிக்காத அவள் சரளமாகக் கடிதம் எழுதத் தொடங்கினாள். ஸ்டீவன்சன், பஸ்ரிச்சா, மெக்லீன்-ரைஸ் மூவரும் இரு குடும்பங்களிலும் வெளியிலுமாக 53 பேரை விசாரித்து 1989இல் இதை வெளியிட்டார்கள்.

நம்புகிறவர்கள் இதை அதிசயம் என்பார்கள். நம்பாதவர்கள் மனநோய், நடிப்பு என்பார்கள். இரு தரப்பும் உயிர் இடம் மாறியதா என்றே வாதாடுகின்றன. ரயில் பாதையில் கிடந்தவள் எப்படிச் செத்தாள் என்ற கேள்வி நடுவில் நழுவிப் போகிறது. வரதட்சணைச் சாவுக்கென்று தனிச் சட்டப்பிரிவான 304பி வந்ததே 1986இல்தான். அதற்கு முந்தைய ஆண்டில், இறந்த மருமகள் சார்பில் ஒரு குற்றச்சாட்டு உரக்க ஒலிக்க இன்னொரு மருமகளின் வாய் தேவைப்பட்டிருக்கிறது. தன் பெயரில் பேசினால் காது கொடுக்காத வீடு, செத்தவள் பெயரில் பேசும்போது நின்று கேட்கிறது.

உயிர் இடம் மாறியதாக நான் நம்பவில்லை. ஆவி சொன்னது நீதிமன்றத்தில் சாட்சியாகவும் நிற்காது, நிற்கவும் கூடாது. ஆனால் மறுபிறவியைத் தேடிப் போனவர்களின் குறிப்பேடுகளில், பிரசவத்தில் செத்தவர்களும் அடிபட்டுச் செத்தவர்களும் பதிவாகியிருக்கிறார்கள். பெண்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தக் குறிப்பேடுகளைத் திறக்க வேண்டும். தென்னாட்டில் ஏன் குறைவு என்ற பஸ்ரிச்சாவின் கேள்விக்கு எனக்குத் தோன்றும் பதில் இது: இங்கே செத்தவர்கள் குழந்தைகளின் வாயால் பேசுவதைவிட, பேய் பிடித்த பெண்களின் வாயால் பேசுகிறார்கள். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.